தோளில் வைப்பது ‘கரன்ட்’டா, ஸ்கேனா? அல்ட்ராசவுண்ட் சிகிச்சை என்ன செய்கிறது?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் கீரனூரைத் தாண்டினால் நார்த்தாமலைக் குன்றுகள் தெரியத் தொடங்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இங்கிருந்துதான் கல் போனது என்று ஊரில் சொல்வார்கள். கல் உடைப்பது இந்தப் பக்கத்துப் பிழைப்பு. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கக் காலத்தில், புதுக்கோட்டை மாவட்டக் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் உண்டு.

சம்மட்டி பாறையில் விழும் ஒவ்வொரு அடியும் மணிக்கட்டிலும் தோளிலும் இடுப்பிலும் திரும்ப விழும். ‘கையைத் தூக்க முடியலை’ என்று பிசியோதெரபிக்குப் போனால், ஜெல் தடவி, டார்ச்லைட் தலை போன்ற ஒன்றை வைத்துச் சில நிமிடம் தேய்க்கிறார்கள். வீட்டில் கேட்டால் சிலர் ‘கரன்ட் வெச்சாங்க’ என்பார்கள், சிலர் ‘ஸ்கேன் எடுத்தாங்க’ என்பார்கள். இரண்டும் இல்லை.

அப்படியானால் அது என்ன?

ஒலிதான். ஆனால் காதுக்கு எட்டாத ஒலி. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். இந்தக் கருவி 10 லட்சம் அல்லது 30 லட்சம் முறை அதிர்கிறது. ஸ்கேன் கருவி எதிரொலியைப் பிடித்துப் படமாக்குகிறது. இது படம் எதுவும் எடுப்பதில்லை, ஒலியின் சக்தியைத் தசைக்குள் செலுத்துகிறது.

அதிர்வது கருவியின் தலைக்குள் இருக்கும் ஒரு படிகம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அவர்கள் சோதித்ததில் குவார்ட்ஸும் ஒன்று, அதாவது நம்ம ஊர் வெங்கச்சங்கல். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும். முதல் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க பிரான்ஸின் பால் லாங்ஜவான் இதைப் பயன்படுத்தியபோது, ஒலி பாய்ந்த தண்ணீரில் மீன்கள் செத்தன, கையை விட்டவர்களுக்கு வலித்தது. இந்த ஒலி உடம்புக்குள் ஏதோ செய்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜெல் எதற்கு?

அது மருந்து இல்லை. கருவிக்கும் தோலுக்கும் இடையே துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஜெல். 10 லட்சம் அதிர்வு சில சென்டிமீட்டர் ஆழம் வரை போகும், 30 லட்சம் மேலாகவே நின்றுவிடும். தலையை நகர்த்திக்கொண்டே இருப்பதும் சும்மா இல்லை. ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடு குவிந்து, எலும்பின் மேலுறையில் சுருக்கென்று வலிக்கும். அப்படி வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

வலி குறைகிறதா?

இங்கேதான் சிக்கல். 2001இல் ராபர்ட்சன், பேக்கர் இருவரும் 35 ஆய்வுகளை அலசினார்கள். முறையாகச் செய்யப்பட்டவை என்று தேறியவை 10. அவற்றிலும், கருவியை ஓட்டாமல் சும்மா வைத்துத் தேய்த்ததைவிட நிஜ சிகிச்சை மேல் என்று காட்டியவை இரண்டே. ஒன்று மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு. இன்னொன்று தோள் தசைநாரில் சுண்ணாம்பு படிவதற்கு. 1999இல் வியன்னாவில் நடந்தது. அதில் ஒன்பது மாதம் கழித்து 42 சதவீதத் தோள்களில் படிவு கரைந்திருந்தது, பொய் சிகிச்சை பெற்றவர்களில் 8 சதவீதம். ஆனால் அதற்குள் வலியில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தவிர, அந்த ஆய்வில் கொடுத்தது 24 சிட்டிங். தினக்கூலிக்காரர் 24 நாள் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினால் கூலி என்ன ஆகும்?

இடுப்பு வலிக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் சொல்லிவிட்டது.

யாருக்கு வைக்கக் கூடாது?

கர்ப்பிணிகளின் வயிறு, இடுப்புப் பகுதியில் கூடாது. புற்றுநோய்க் கட்டி, ரத்தக்கட்டி உள்ள இடம், கண், பேஸ்மேக்கர் பொருத்திய பகுதி ஆகியவற்றிலும் கூடாது. நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் சர்க்கரை நோயால் உணர்வு மரத்துப் போனவர்கள். சூடு ஏறுவதே அவர்களுக்குத் தெரியாது. ‘சுகர் இருக்கு, கால் மரத்துப் போகுது’ என்பதை பிசியோதெரபிஸ்ட் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது.

கருவி வைத்த பிறகு சொல்லித்தரும் பயிற்சியைத்தான் பலரும் வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இத்தனைக்கும் தோள் இறுக்கத்துக்குச் சுவரில் விரலால் படிப்படியாக ஏறுவது போன்ற பயிற்சிக்கு பஸ் செலவும் இல்லை, கூலி இழப்பும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுவோரின் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.