இரு திசைவிகள், ஒரு நுழைவாயில்

வீட்டிற்குத் தலைவாசல் எவ்வாறோ, அவ்வாறே ஒரு நிறுவனத்தின் கணிப்பொறி வலையமைப்பிற்கு நுழைவாயில் அமைகின்றது. உள்ளே நூறு கணிப்பொறிகள் இருப்பினும், அவை வெளியுலகோடு தொடர்பு கொள்ள வேண்டுமாயின் தத்தம் செய்திகளை அந்நுழைவாயிலிடமே ஒப்படைத்தல் வேண்டும். செய்தியைப் பெற்று உரிய வழியில் செலுத்தும் அக்கருவியை ‘ரூட்டர்’ என்பர். தமிழில் ‘திசைவி’ என வழங்குகிறோம். ஒரே திசைவியை நம்பியிருக்கும் இடத்தில் அது பழுதுறுமாயின், உள்ளிருக்கும் கணிப்பொறிகள் யாவும் நலமாக இருந்தும் வெளியுலகத் தொடர்பை இழக்கும். தேர்வு விண்ணப்பத்தின் இறுதி நாளன்று கல்லூரியிலோ, ஆய்வு முடிவை எதிர்நோக்கும் வேளையில் மருத்துவமனையிலோ இது நேர்ந்தால் விளையும் இன்னல் சிறிதன்று.

‘இரண்டாவது திசைவி ஒன்றை வாங்கி வைத்தால் போதுமே’ எனச் சிலர் கருதலாம். அது மட்டும் ஏன் போதாது என்பதையும், வேறு என்ன செய்தல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் நாம் காண்போம்.

முகவரி யாருக்கு உரியது?

பெரும்பாலும் கணிப்பொறி ஒவ்வொன்றிலும் நுழைவாயிலின் முகவரி ஒன்றே குறிக்கப்பட்டிருக்கும். முதல் திசைவி வீழ்ந்தால் அருகில் மற்றொன்று இருப்பதைக் கணிப்பொறி தானாக அறியாது. பழைய முகவரிக்கே செய்தியை அனுப்பிக் கொண்டிருக்கும். இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு எளிமையானது: நுழைவாயிலின் முகவரியை எந்தத் தனித் திசைவிக்கும் உரிமையாக்காமல் இரண்டிற்கும் பொதுவாக்குதல்.

சான்றாக, முதல் திசைவியின் முகவரி 192.168.10.2 எனவும், இரண்டாவதன் முகவரி 192.168.10.3 எனவும் கொள்வோம். கணிப்பொறிகளுக்கு நாம் அறிவிப்பது 192.168.10.1 என்னும் பொது முகவரியையே. இதனுடன் இணைந்த பொதுவான வன்பொருள் முகவரி ஒன்றும் உண்டு. எத்திசைவி பொறுப்பில் உள்ளதோ அது அம்முகவரிகளை ஏற்றுப் பணியாற்றும். பொறுப்பு கைம்மாறினும் முகவரி மாறாது. ஆதலின் கணிப்பொறிகளில் எதனையும் திருத்த வேண்டுவதில்லை.

இம்முறையில் சிஸ்கோ நிறுவனம் உருவாக்கிய எச்.எஸ்.ஆர்.பி. நெறிமுறையின் விவரம் 1998இல் பொது ஆவணமாக வெளிவந்தது. பல நிறுவனங்களின் கருவிகளும் பின்பற்றத்தக்க வி.ஆர்.ஆர்.பி. நெறிமுறையும் அதே ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2010இல் வந்தது. 2024இல் அது மீண்டும் செப்பம் செய்யப்பட்டது.

பொறுப்பு கைம்மாறும் விதம்

இரு திசைவிகளுக்கும் முன்னுரிமை எண் ஒன்று தரப்படுகின்றது. முதலாவதற்கு 110, இரண்டாவதற்கு 100 எனில் முதலாவதே பொறுப்பேற்கும். எச்.எஸ்.ஆர்.பி. முறையில், அது 3 நொடிகளுக்கு ஒருமுறை ‘நலமாக உள்ளேன்’ என்னும் பொருள்படச் செய்தி விடுக்கும். 10 நொடிகள் வரை அச்செய்தி வாராதாயின் மற்றது பொறுப்பை ஏற்கும். வி.ஆர்.ஆர்.பி. முறையில் வழக்கமாக நொடிக்கு ஒருமுறை செய்தி செல்வதால், 3 நொடிகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மாற்றம் நிகழ்ந்துவிடும்.

ஈண்டு ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். திசைவி நலமாக இருக்க, அதிலிருந்து வெளியே செல்லும் இணைப்பு மட்டும் அறுந்துபோகலாம். அந்நிலையிலும் அது நலச்செய்தியை விடுத்துக் கொண்டே இருக்கும். செய்திகளோ வெளியேற வழியின்றித் தேங்கும். ஆதலின் வெளி இணைப்பைக் கண்காணித்து, அது அறுந்தவுடன் முன்னுரிமை எண்ணைக் குறைக்குமாறு ஏற்பாடு செய்தல் இன்றியமையாதது. 110இலிருந்து 10 குறைத்தால் இரண்டும் 100 என நின்று பொறுப்பு மாறாது போகலாம். 20 குறைத்து 90 ஆக்குவதே தக்கது. மேலும், உயர்ந்த எண்ணுடையது பொறுப்பைக் கைப்பற்றும் உரிமை வி.ஆர்.ஆர்.பி.யில் இயல்பாகவே உண்டு, எச்.எஸ்.ஆர்.பி.யில் அதனை நாமே இயக்கி வைத்தல் வேண்டும்.

சுமையைப் பகிர்தல்

ஒரு திசைவி உழைக்க, மற்றொன்று வாளா இருப்பது வீண் செலவன்றோ என்னும் வினா எழுவது இயல்பே. இரு பொது முகவரிகளை அமைத்து, ஒன்றிற்கு முதல் திசைவியையும் மற்றதற்கு இரண்டாம் திசைவியையும் முதன்மையாக்கலாம். கணிப்பொறிகளுள் பாதி முதல் முகவரியையும் எஞ்சியவை இரண்டாவதையும் பயன்படுத்தும். இதனால் இரு திசைவிகளும் உழைக்கும். ஒன்று வீழ்ந்தால் மற்றது இரு முகவரிகளையும் ஏற்கும். சிஸ்கோவின் ஜி.எல்.பி.பி. நெறிமுறையோ ஒரே முகவரியின் கீழ், கணிப்பொறிகளுக்கு வெவ்வேறு வன்பொருள் முகவரிகளை விடையாகத் தந்து, நான்கு திசைவிகள் வரை சுமையைப் பிரித்தளிக்கும்.

ஆயினும் இங்கேதான் பலர் இடறுகின்றனர். ஒவ்வொன்றும் 100 மெகாபிட் தாங்கும் இரு இணைப்புகளில் 70, 70 எனச் சுமை ஏறியிருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் எவ்விதக் குறையும் தோன்றாது. ஒன்று வீழ்ந்த கணத்தில் 140 மெகாபிட் சுமை 100இல் வந்து விழும்; வேகம் குன்றி, செய்திகள் பல இழக்கப்படும். வண்டியில் பூட்டிய இரு மாடுகளுள் ஒன்று சோர்ந்தால், மற்றதால் தனித்து இழுக்கக்கூடிய பாரமே ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும். எனவே இரண்டும் தத்தம் ஆற்றலில் பாதிக்கு மேற்படாமல் சுமத்தலே நெறி. அவ்வரம்பைக் கடந்த பகிர்வு, காப்பை உண்டுவிடும்.

காப்பு மெய்யாக இருக்க

இரு திசைவிகளும் ஒரே மின் இணைப்பிலிருந்து இயங்குமாயின், அம்மின்சாரம் நின்றால் இரண்டும் நிற்கும். இரண்டின் வெளி இணைப்பும் ஒரே பள்ளத்தில் புதைந்திருப்பின், ஒரு மண்வெட்டி இரண்டையும் துண்டித்துவிடும். இரு திசைவிகளுக்கும் இடையே உள்ள இணைப்பு அறுபட்டால், ஒன்றின் குரல் மற்றதற்குக் கேளாமல் இரண்டுமே ‘பொறுப்பு எனதே’ எனக் கொள்ளும் குழப்பமும் நேரும். மின்சாரம், கம்பி, இடம் ஆகிய மூன்றும் வேறுபட்டிருத்தலின் தேவை இதனால் விளங்கும்.

இவ்வளவும் செய்த பின்னர்ச் சோதனை ஒன்று எஞ்சுகின்றது. பணி குறைந்த ஒரு விடுமுறை நாளில், முன்னறிவிப்புச் செய்து, முதல் திசைவியின் மின் இணைப்பைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். மற்றொரு முறை அதன் வெளி இணைப்பை மட்டும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். எத்தனை நொடிகளில் தொடர்பு மீண்டது என்பதைக் குறித்து வைத்து, ஆண்டிற்கு இருமுறையேனும் இதனைச் செய்வது நன்று. கணிப்பொறி பயிலும் நம் மாணவர்கள் கருவியை நிறுவுவதோடு நில்லாமல், அதனை நிறுத்திப் பார்க்கவும் பழகுவார்களாக. இவ்வாறு சோதித்துக் கண்ட காப்பையே இடுக்கண் நாளில் நாம் நம்பியிருக்க இயலும்.