மூட்டையில் எழுதிய புரதம் குட்டிக்குச் சேருமா?

பக்ரீத் நெருங்க நெருங்க, கிடாய்க்குட்டி வளர்ப்பவர்களின் கடிதங்கள் குவிகின்றன. பெரும்பாலும் ஒரே கேள்விதான்: மேய்ச்சலுக்கு ஓட்டாமல் மக்காச்சோள சைலேஜை மட்டும் போட்டால் குட்டி நாளுக்குள் எடைக்கு வந்துவிடுமா? போன ஆண்டு அப்படிச் செய்து, தராசில் எடை காட்டிய குட்டி சந்தையில் விலை போகவில்லை என்ற வருத்தமும் சிலவற்றில் இருக்கிறது. இரண்டுக்கும் பதில் சைலேஜ் மூட்டையின் மேல் அச்சிட்ட ஒரு எண்ணில் இருக்கிறது.

சைலேஜ் என்னும் ஊறுகாய்ப் புல்லைச் ‘சத்து மாறாமல் பாதுகாத்த பசுந்தீவனம்’ என்று துண்டறிக்கைகள் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கெடாமல் இருக்கிறது என்பது வேறு, மாறாமல் இருக்கிறது என்பது வேறு.

புரதம் 8 சதவீதம் என்று மூட்டையில் போட்டிருந்தால், அது ஈரம் போக மிஞ்சும் பொருளில் 8 சதவீதம். ஒரு கிலோ சைலேஜில் ஈரம் போனால் நிற்பது 300 கிராம் அளவுதான். அதில் புரதம் 24 கிராம். 20 கிலோ எடையுள்ள குட்டி நாளெல்லாம் தின்று இரண்டே கால் கிலோவை முடித்தாலும் 54 கிராம்தான் கிடைக்கும். தினமும் 100 கிராம் எடை ஏற வேண்டிய குட்டிக்கு ஏறக்குறைய 100 கிராம் புரதம் வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது இதற்கு அடுத்த கட்டம். ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை. தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி, வருவதைப் புரதம் என்று எழுதுகிறார்கள். மூட்டைக்குள் புளிக்கும்போதோ, பயிரின் புரதத்தில் ஏறக்குறைய பாதி உடைந்து அமினோ அமிலமாகவும் அம்மோனியாவாகவும் போகிறது. நைட்ரஜன் எங்கும் போகவில்லை; அதனால் எண் அப்படியே நிற்கிறது. யூரியாவைக் கலந்தால் அதே எண் ஏறவும் செய்யும். வாங்குகிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

உடைந்த நைட்ரஜன் வீண் என்று சொல்லவில்லை. குட்டியின் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துத் தங்கள் உடலாக்கிக்கொள்ளும். அவை செரிமானமாகும்போது குட்டிக்குப் புரதம் சேர்கிறது. ஆனால் அம்மோனியா வந்து குவியும் அதே வேளையில் அவற்றுக்கு மாவோ சர்க்கரையோ கிடைக்க வேண்டும். சர்க்கரை புளிப்பிலேயே தீர்ந்துபோனது. மாவு கதிரில் இருக்கிறது. கதிரை ஒடித்துவிட்டு வெறும் தட்டையை நறுக்கிக் கட்டிய மூட்டை என்றால் அதுவும் இல்லை. பிடிக்க ஆளில்லாத அம்மோனியா ரத்தத்தில் கலந்து, யூரியாவாகி, சிறுநீரில் போகிறது.

ஒரு மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பாருங்கள். மணிகள் கண்ணில் பட வேண்டும். மணம் புளித்த மாவைப் போல் இருக்க வேண்டும். அம்மோனியா நெடி மூக்கில் சுருக்கென்று ஏறினால் புரதம் மிதமிஞ்சி உடைந்திருக்கிறது.

மணி இருந்து புரதம் குறைந்தால், சதையாக வேண்டிய சத்து கொழுப்பாகப் படியும். தவிர, நார்த்தீவனம் தின்ற குட்டியின் வயிற்றில் தீவனமும் நீரும் நிறையத் தங்கும். தராசு அதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. எட்டயபுரம், செஞ்சி போன்ற சந்தைகளில் அனுபவமுள்ள வியாபாரி வயிற்றைப் பார்ப்பதில்லை. விலாவுக்குப் பின்னே முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்துகிறார். எலும்பு முனை குத்தினால் விலை இறங்கிவிடும்.

சைலேஜைக் கைவிடச் சொல்லவில்லை. கோடையில் மேய்ச்சலுக்கு வழி இல்லாதவர்கள் அநேகம். கூடவே தினம் 200 கிராம் தேங்காய்ப் பிண்ணாக்கும் கொஞ்சம் வேலிமசால் தழையும் கொடுங்கள். கடலைப் பிண்ணாக்கின் புரதம் பெருவயிற்றில் வேகமாக உடைந்துவிடும். தேங்காய்ப் பிண்ணாக்கினுடையது மெதுவாக உடைவதால், ஒரு பங்கு தப்பிக் குடலுக்கே போகும்.

மற்ற கேள்விகளுக்கு:

கறியில் புளிப்பு வருமா? வராது, லாக்டிக் அமிலம் பெருவயிற்றிலேயே வேறாக மாறிவிடுகிறது.

கறியின் தரம்? புல் சைலேஜ் தின்றால் ஒமேகா-3 கொழுப்பு கூடும். மக்காச்சோளத்தில் அதுவும் வைட்டமின் ஈ-யும் குறைவு, கறியின் சிவப்பு சீக்கிரம் மங்கும்.

எவ்வளவு பொடியாக நறுக்குவது? மாட்டுக்கு நறுக்குவதைவிடப் பொடியாக. நீளமாக இருந்தால் குட்டி குறைவாகத்தான் தின்னும்.

பூசணம் பிடித்த பகுதியை ஒதுக்கிவிட்டுப் போடலாமா? கூடாது, மிச்சத்திலும் லிஸ்டீரியா கிருமி இருக்கலாம்; அது தாக்கினால் குட்டி தலை ஒரு பக்கம் கோணி வட்டமடிக்கும், பிழைப்பது அரிது.

கடைசி இரண்டு வாரத்தில் தொடங்கலாமா? வேண்டாம், புதுத் தீவனத்துக்குப் பெருவயிறு பழகவே அந்த நாள் சரியாகப் போய்விடும்.