பழைய கட்டிலைப் புதுசாக்கலாம்



பயிருக்குப் பூச்சி மருந்து சொல்கிற ஆள், இன்றைக்குக் கட்டிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒரு வாரச் சந்தையில் பழைய மரக்கட்டில் ஒன்றை மலிவாக வாங்கினேன். மேலே பளபளவென்று வார்னிஷ். மூன்றாம் மாதம் காலடியில் மாவு மாதிரி தூள் கொட்டியது. வருஷம் திரும்புவதற்குள் ஒரு கால் முறிந்தே போனது. பூச்சியைப் பற்றிப் படித்த நானே பூச்சியிடம் ஏமாந்தேன்!

இது ஒரு சிறு வண்டு செய்கிற வேலை. மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடும். புழு உள்ளேயே மாதக்கணக்கில் கட்டையைத் தின்று வளர்ந்து, வண்டாகி, குண்டூசித் தலை அளவு துளை போட்டு வெளியே வரும். நாம் பார்க்கிற துளை பூச்சி நுழைந்த வழி அல்ல, வெளியேறிய வழி. மாவுச்சத்துள்ள வெளிர்கட்டைதான் அதற்குத் தீனி. மா, இலவு, மூங்கில் சீக்கிரம் உளுத்துப்போகும். வைரம் பாய்ந்த தேக்கில் அதற்கு வேலையில்லை.

அதனால் வாங்கும்போது கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். துளை உள்ள இடத்தில் கோணி ஊசியால் குத்துங்கள். ஊசி லேசாக இறங்கினால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். இறங்காவிட்டால் வாங்கலாம். ஆனால் உடனே வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். உங்கள் வீட்டு மூங்கில் கூடைக்கும் வண்டு பரவும். தூசியைத் துடைத்து, தாழ்வாரத்தில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் ஒரு வாரம் வையுங்கள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது.

அப்போது என்ன செய்யலாம்? வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று பூசுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்தக் கட்டிலில் குழந்தை படுக்கும். முன்பு தாராளமாகத் தூவிய பி.எச்.சி. பொடி 1997-ல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. வயல் மருந்துக்கு வீட்டுக்குள் இடமில்லை.

வெண்காரம் போதும். பழைய பெயின்டை, வார்னிஷை முதலில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மரத்துக்குள் இறங்காது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதனால் நீர்த்தாளை நனைத்துத் தேயுங்கள், தூசி பறக்கவிடாதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். மரம் காய்ந்தபின், ஒரு லிட்டர் சுடுநீரில் 30 கிராம் வெண்காரமும் 20 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அடிப்பக்கம், மூட்டு, துளை எல்லாம் நனையும்படி மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் மரத்தில் ஊறியபின் அடுத்தது. பிறகு நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். மழையில் நனைந்தால் இந்த மருந்து கரைந்து போய்விடும். தானியப் பெட்டிக்குள் இதைப் பூசக்கூடாது.

மூட்டைப்பூச்சி இருந்தால், மருந்து பூசுவதற்கு முன்பே மூட்டுகளில் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். முட்டையும் சேர்ந்து சாகும்.

ஆடுகிற காலுக்கு ஆணி அடிக்காதீங்க, மரம் பிளந்துவிடும். காலைக் கழற்றி, பழைய வஜ்ஜிரத்தைச் சுரண்டி, புதுசு தடவிச் செருகுங்கள். இடைவெளி இருந்தால் மெல்லிய ஆப்பு வையுங்கள். சட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு கோலைச் செருகி முறுக்கி, ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்துக் காயவிட்டு, மறுபடியும் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். நுண்துளை அடைபட்டால் வண்டுக்கு முட்டையிட இடமில்லை. ஓர் எச்சரிக்கை: எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்கோல் பக்கம் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

விதையைச் சோதித்துத்தானே விதைக்கிறோம்? கட்டிலையும் சோதித்தே வீட்டுக்குள் சேர்ப்போம்.