நிழலே அலங்காரம்

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்கப் புறநகர்த் தெருக்களில் ஒரே மாதிரியான ஒப்பனை நடந்துவருகிறது. 1950-களில் கட்டிய ஒற்றைத்தள வீடு கைமாறுகிறது. புதிதாக வந்தவர் செங்கல் சுவருக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கிறார், ஜன்னல்களுக்குக் கறுப்புச் சட்டம் போடுகிறார், வாசலுக்கு மேல் முக்கோண முகப்பு ஒன்றை எழுப்பி அதில் செங்குத்தாகப் பலகை அடிக்கிறார். விற்பனை விளம்பரப் படத்தில் வீடு பளிச்சென்று இருக்கிறது. எதிர்ச் சாரியில் நின்று பார்த்தால் மட்டும் ஏதோ குறைகிறது. என்ன குறை என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது.

குறைவது நிழல். ரான்ச் வீடு என்று அமெரிக்கர்கள் அழைக்கும் இந்த வகை வீட்டில் வேலைப்பாடுள்ள தூண் கிடையாது, சிற்பம் கிடையாது, வளைவு கிடையாது. எங்கே நிழல் விழுகிறது என்பதில்தான் அதன் அழகு இருக்கிறது. அந்த நிழலைத் தரும் பாகங்களோ வெயிலையும் மழையையும் சமாளிக்க வந்தவை. ஆகவே பழைய ரான்ச் வீட்டின் முகத்தை எப்படிப் புதுப்பிப்பது என்ற கேள்விக்கு ரசனை பாதி பதிலைத்தான் தரும். மீதியை இயற்பியலிடம் கேட்க வேண்டும்.

இந்தப் பாணிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முதன்மையானவர் கிளிஃப் மே. அவர் பட்டம் பெற்ற கட்டடக்கலைஞர் அல்லர். நடன இசைக்குழு நடத்தினார், சாக்ஸபோன் வாசித்தார், மரச்சாமான் செய்து விற்றார். தாழ்ந்த கூரையும் தடித்த மண்சுவரும் நீண்ட தாழ்வாரமுமாக இருந்த கலிஃபோர்னியாவின் பழைய ஸ்பானியப் பண்ணை வீடுகளைச் சிறு வயதிலேயே அறிந்தவர். 1930-களின் தொடக்கத்தில் சான் டியாகோவில் அதே சாயலில் வீடு கட்டத் தொடங்கினார். 1946-ல் சன்செட் இதழ் அவரோடு சேர்ந்து வெளியிட்ட ரான்ச் வீட்டுப் புத்தகம் இந்தப் பாணியைப் பரப்பியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு உத்தரவாதத்தில் வீட்டுக்கடன் கிடைத்த காலம் அது. நகருக்கு வெளியே நிலம் மலிவு, போய்வர கார் உண்டு. வீடுகள் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நீண்டன. இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் சன்னிவேல் போன்ற ஊர்களில் ஜோசஃப் ஐக்லர் கட்டிய வீடுகள் இந்தப் பாணியின் நவீன உறவினர்கள்.

கூரையிலிருந்து தொடங்குவோம். ரான்ச் வீட்டின் கூரைச் சரிவு குறைவு: 12 அடி ஓட்டத்துக்கு 4 அடி ஏற்றம், பல வீடுகளில் அதைவிடத் தாழ்வு. அந்தக் கூரை சுவரோடு நின்றுவிடாமல் 2, 3 அடி வெளியே நீள்கிறது. இந்த இறவாரத்தின் கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். 90-லிருந்து ஊரின் அட்சரேகையைக் கழியுங்கள். ஜூன் 21-க்கு 23.4-ஐக் கூட்டுங்கள், டிசம்பர் 21-க்கு அதையே கழியுங்கள். நண்பகல் சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கும் என்பது வந்துவிடும். லாஸ் ஏஞ்சலீஸ் இருப்பது 34 பாகையில். அங்கே ஜூனில் சூரியன் ஏறத்தாழ 79 பாகை உயரத்தில் நிற்கும், டிசம்பரில் 33-க்குச் சற்றுக் கீழே. 3 அடி இறவாரம் ஜூன் நண்பகலில் தெற்குச் சுவர் மேல் 16 அடி நிழலை இறக்கும். சுவரே 8 அடிதான். முழுச் சுவரும் நிழலுக்குள் போய்விடுகிறது. டிசம்பரில் அதே இறவாரம் மேலே 2 அடியை மட்டுமே மறைக்கிறது. மீதி வெயில் கண்ணாடி வழியே உள்ளே வந்து தரையைச் சூடேற்றுகிறது. இன்னும் வடக்கே, 42 பாகையில் இருக்கும் சிகாகோவில் ஜூன் நிழல் 9 அடி, டிசம்பர் நிழல் ஒன்றரை அடிக்கும் குறைவு. கோடையில் இறங்கிக் குளிர்காலத்தில் ஏறும் திரை ஒன்று, கயிறும் மோட்டாரும் இல்லாமல், எழுபது வருடமாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

விளிம்புப் பலகை உளுத்துவிட்டது என்று இறவாரத்தை ஓரடியாக நறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிகாகோவில் அந்த ஓரடி, ஜூன் நண்பகலில் 3 அடி நிழல்தான் தரும். சுவரின் கீழ்ப்பாதிக்கு மேல் வெயில் அடிக்கும், ஏ.சி. கட்டணம் கணக்கைச் சொல்லிவிடும். மேற்குச் சுவருக்கு இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாலைச் சூரியன் கூரைக்கு அடியில் புகுந்து வரும். அதற்கு மரம்தான் மருந்து.

இறவாரம் மழைக்கும் குடை. 1980, 90-களில் கனடாவின் வான்கூவர் பகுதியில் இறவாரமே இல்லாத புதுபாணி அடுக்ககங்கள் கட்டப்பட்டன. சுவருக்குள் நீர் புகுந்து ஏராளமானவை உளுத்துப்போயின. 1996-ல் அங்கே நடந்த கள ஆய்வு, இறவாரம் எவ்வளவு அகலமோ அவ்வளவு குறைவாகவே சுவரில் பழுது இருந்ததைக் காட்டியது. உளுத்த விளிம்புப் பலகையை மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். நீளத்தில் கை வைக்கக் கூடாது.

பழைய கட்டடத்தின் குணம் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அமெரிக்க தேசியப் பூங்காத் துறை 1988-ல் ஒரு வழிகாட்டிக் குறிப்பு வெளியிட்டது. அது சொல்லும் முறை எளிது: முதலில் தள்ளி நின்று மொத்த உருவத்தைப் பாருங்கள், பிறகு கைக்கெட்டும் தூரத்துக்குப் போய்ப் பொருளையும் வேலைப்பாட்டையும் பாருங்கள். தள்ளி நின்றால் ரான்ச் வீட்டில் தெரிவது அறுபடாமல் ஓடும் ஒரு நீளக் கோடு. கிட்டே போனால் கதையே வேறு.

உதாரணத்துக்கு ரோமன் செங்கல். சாதாரண அமெரிக்கச் செங்கல் 8 அங்குல நீளம், இரண்டேகால் அங்குல உயரம். ரோமன் செங்கல் 12 அங்குல நீளம், உயரம் 2 அங்குலத்துக்கும் குறைவு. கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் சிகாகோவில் கட்டிய ராபி வீட்டில் இதை வைத்து ஒரு வித்தை செய்தார். கிடைமட்ட இடுக்குகளில் சாந்தை உள்ளே தள்ளிச் சுரண்டிவிட்டார். வரிக்கு வரி மெல்லிய நிழல் விழுந்தது. செங்குத்து இடுக்குகளிலோ செங்கல் நிறத்திலேயே சாந்து குழைத்து விளிம்பு வரை நிரப்பினார். அவை கண்ணில் படாமல் போயின. செங்கல் செங்கலாக அடுக்கிய சுவர், நீள நீளக் கோடுகளாகத் தெரிந்தது. 1950-களின் ரான்ச் வீடுகள் பலவற்றில் நீளச் செங்கலும் சுரண்டிய இடுக்கும் அந்த மரபிலிருந்து வந்தவை. விரலை வைத்துத் தடவினால் பள்ளம் அரை அங்குலம்கூட இருக்காது. சாய்ந்த வெயிலில் அதுவே சுவர் முழுக்கக் கோடு போடுகிறது.

கிடைக்கோடு போட்டால் அகலமாகத் தெரியும் என்று துணிக்கடையில் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு நேர்மாறானதைக் காட்டிவிட்டார்: ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் கிடைக்கோடுகளால் நிரப்பியதுதான் கூடுதல் உயரமாகத் தெரிகிறது. எனவே வீடு நீளமாகத் தெரிவதற்குச் செங்கல் வரிகளே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். முனைக்கு முனை ஓடும் இறவார விளிம்பும், அதன் அடியில் கூரையையும் சுவரையும் பிரித்துக் காட்டும் நிழற்பட்டையும்தான் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது என் எண்ணம். புது முக்கோண முகப்பு செய்யும் பெரிய கெடுதலும் அதுதான்: அந்த விளிம்பை நடுவில் வெட்டிவிடுகிறது.

இனி வெள்ளை பெயின்ட். செங்கல் சுவர் என்று நாம் நினைப்பது இந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு செங்கல் கனமுள்ள போர்வை மட்டுமே. வீட்டைத் தாங்குவது அதற்குப் பின்னால் நிற்கும் மரச்சட்டம். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலம் அளவுக்குக் காற்று இடைவெளி. பலத்த மழையில் செங்கல் நீரை உறிஞ்சும், கொஞ்சம் பின்பக்கமும் கசியும். கசிந்த நீர் இடைவெளியில் இறங்கி, அடிவரிசையில் சாந்து வைக்காமல் விட்ட சிறு துளைகள் வழியே வெளியேறும். உறிஞ்சிய நீர் வெயில் வந்ததும் ஆவியாகும். நனைவது தவறில்லை, காய வேண்டும், அவ்வளவுதான். இந்தத் துளைகளை மேஸ்திரி மறந்துவிட்ட ஓட்டை என்று நினைத்துப் பூசி அடைக்கும் நல்லெண்ணக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அக்ரிலிக் போன்ற பெயின்ட் செங்கல் மேல் பிளாஸ்டிக் படலமாகப் படிகிறது. விரிசல் வழியே நீர் உள்ளே போகும், ஆனால் வெளியேறும் வேகம் குறைந்துவிடும். குளிர் மாநிலங்களில் அங்கே தேங்கிய நீர் உறையும்போது அதன் பருமன் 9 சதவீதம் கூடும். நுண்துளைக்குள் அந்த 9 சதவீதத்துக்கு இடம் இல்லை. உறைவதும் உருகுவதுமாகச் சில குளிர்காலம் போனால் செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். சுட்ட செங்கலுக்கு வெளித்தோல்தான் கெட்டி. அது போனால் உள்ளே இன்னும் மிருது. அதோடு, பெயின்ட்டை உரித்தெடுக்க மணல் பீய்ச்சினால் அந்தத் தோலும் சேர்ந்து போய்விடும்.

நிறம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். அது நீராவியைத் தடுக்காது, காலப்போக்கில் தானே வெளுக்கும். 1878-ல் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற சிலிக்கேட் வண்ணம் இன்னொரு வழி. நீர்க்கண்ணாடி எனப்படும் பொட்டாசியம் சிலிக்கேட்டை அடிப்படையாகக் கொண்ட அது படலமாக உட்காராமல் செங்கலோடு வேதிவினை புரிந்து அதன் பகுதியாகவே ஆகிவிடுகிறது, சுவர் மூச்சுவிடும். ஆனால் பிறகு மனம் மாறினாலும் எடுக்க முடியாது. என்னைக் கேட்டால், நல்ல நிலையில் உள்ள செங்கலைத் தண்ணீரும் மெல்லிய சோப்பும் கொண்டு கழுவிவிட்டு ஒரு வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது முதல் வேலை. பாதிப் பேருக்கு பெயின்ட் ஆசை அதிலேயே போய்விடும்.

முக்கோணச் சுவர்ப் பகுதிகளில் செங்குத்துப் பலகை அடிப்பது பழைய ரான்ச் வீட்டிலும் உண்டு; இப்போதைய போலிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஆணியில் இருக்கிறது. மரம் நார்ப்போக்கில் அசையாது, குறுக்கே அசையும். பத்து அங்குலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். அதனால் பழைய தச்சர் பலகைகளுக்கு இடையே சிறு சந்து விட்டு, சந்தை மூட மேலே ரீப்பர் வைத்தார். ரீப்பரின் ஆணி எந்தப் பலகையிலும் ஏறாமல் சந்து வழியே பின்சட்டத்தில் போய் இறங்கும். பலகை இரண்டும் ரீப்பருக்கு அடியில் தாராளமாக நகரும், விரிசல் வராது. இன்று அகலத் தகட்டின் மேல் ஒட்டும் ரீப்பருக்கு அந்த வேலை இல்லை. கோடு போட மட்டும் வருகிறது.

பலகைக்குப் பதிலாகச் சுவர் மேல் மாட்டும் வினைல் உறையும் அசையும், இன்னும் அதிகமாக. 12 அடி வினைல் பட்டை கடுங்குளிருக்கும் கடும்வெயிலுக்கும் இடையே அரை அங்குலம் வரை நீளும். எனவே ஆணியை இறுக்காமல் தொங்கவிட்டு, ஓரங்களில் அகலமான பிளாஸ்டிக் காடி வைக்கிறார்கள். ஜன்னலைச் சுற்றியிருந்த மர விளிம்பு அந்தக் காடிக்குள் அமுங்கி, அதன் நிழலும் போய்விடுகிறது. போதாக்குறைக்கு வினைலில் அச்சடித்த மர ரேகை வேறு. பெயின்ட் அடித்த நல்ல பலகையில் ரேகை தெரியாது என்பதை அச்சடித்தவர்கள் கவனிக்கவில்லை போலும்.

ஜன்னலில் ஒரு சிறு அடையாளம் உண்டு. அந்தக் காலத்து மேலும் கீழும் நகரும் ஜன்னல்கள் பலவற்றில் ஒவ்வொரு பாதியிலும் ஒரேயொரு குறுக்குச் சட்டம், கிடையாக ஓடும். வீட்டின் நீளக் கோட்டுக்கு அது ஒத்துப்போகிறது. மாற்று ஜன்னலில் தடித்த பிளாஸ்டிக் சட்டம் கண்ணாடியின் பரப்பைத் தின்றுவிடும், கட்டம் கட்டமாகப் போலிக் கம்பிகளும் வரும். குளிர் தாங்கவில்லை என்றால் பழைய ஜன்னலைச் செப்பனிட்டு, வெளிப்பக்கம் இன்னொரு கண்ணாடி மாட்டலாம். அதில் சில நானோமீட்டர் கனத்துக்கு உலோகப் பூச்சு இருந்தால் வெளிச்சம் உள்ளே வரும், அறையின் வெப்பக் கதிர் திருப்பியடிக்கப்படும். புது இரட்டைக் கண்ணாடியின் பலனை இது பெரும்பாலும் நெருங்கிவிடுகிறது.

வெப்பக் காப்புக்குச் செலவழிக்கும் முதல் பணம் கூரைக்கு அடியில் போகட்டும். தெருவிலிருந்து யாருக்கும் தெரியாது. பனி ஊர்களில் இதற்கு இன்னொரு காரணம் உண்டு. வீட்டுச் சூடு கசிந்து கூரை மேல் பனி உருகுகிறது, நீர் வழிந்து இறவாரத்துக்கு வருகிறது. இறவாரத்துக்கு அடியில் வீடு இல்லை, குளிர்ந்த காற்றுதான்; நீர் அங்கே மறுபடி உறைந்து கரை கட்டுகிறது. 12-க்கு 4 சரிவில் 4 அங்குலக் கரை ஓரடி தூரத்துக்கு நீரைத் தேக்கிவிடும், சரிவு குறையக் குறையத் தேக்கம் நீளும். அந்த நீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து சுவருக்குள் இறங்கும். இறவாரத்தின் மேல் பழி விழுவது இப்படித்தான். குற்றவாளி உச்சியில் கசியும் சூடு. எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் இன்னொன்று: 1978-க்கு முந்தைய வீடு என்றால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதையும், சுரண்டும் முன் சோதிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள், முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

இடம் போதாமல் அறை சேர்க்க வேண்டியவர்கள் பின்பக்கம் சேர்க்கட்டும், மேலே வேண்டாம். முன்பக்கத்தில் தாராளமாகக் கை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கேரேஜ் கதவு: பழைய வீடுகள் சிலவற்றில் சுவரில் அடித்த அதே பலகையை அதிலும் அடித்து, கேரேஜே கண்ணில் படாமல் செய்திருப்பார்கள்; வெள்ளைத் தகரக் கதவைக் கழற்றி அதைத் திரும்பக் கொண்டுவரலாம். மற்றது வாசல் கதவு. 1950-களில் அதை ஆரஞ்சு, மஞ்சள், மயில்நீலம் என்று துணிந்து அடித்தார்கள். நீங்களும் அடிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமையே வேறு நிறம்.