மடிநோய்க்குச் சிவந்த பற்று

காஞ்சிபுரத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. காமாட்சியம்மன் சன்னதிக் குங்குமத்தின் பழைய செய்முறை அதுதான். மணமக்களுக்குச் சுற்றும் ஆரத்தித் தண்ணீரும் அப்படித்தான் சிவக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருள் காரத்தில் செந்நிறமாகும். எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். இதே சிவந்த கலவையோடு சோற்றுக்கற்றாழையையும் சேர்த்து அரைத்தால், கறவை மாட்டின் மடிநோய்க்குப் போடும் பற்று கிடைக்கிறது.

மடிநோய் வந்த மாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். மடி கல்போல் இறுகும், சுடும்; மாடு கன்றையே கிட்ட விடாமல் உதைக்கும். பால் திரிதிரியாக வரும். சில சமயம் இரத்தமும் கலந்திருக்கும். காம்புத் துளை வழியாக நுழையும் ஸ்டெபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலி போன்ற பாக்டீரியாக்களே பெரும்பாலும் காரணம். அவற்றோடு போராட இரத்த வெள்ளணுக்கள் மடிக்குள் திரள்கின்றன. நலமான மடிப்பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு இந்த அணுக்கள் 2 லட்சத்துக்கும் குறைவாகவே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாமல் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும் மறைமுக மடிநோயும் உண்டு. கறவை குறைந்த பிறகுதான் அது கண்ணில் படும்.

கறவைக்காரர் முதலில் நாடுவது ஊசியைத்தான். ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை, மருந்தின் அட்டையில் சொன்ன நாள் வரை விற்பனைக்கு ஊற்றக் கூடாது. அந்த நாட்களின் வருமானம் போகும் என்பதால் இந்த விதி பல இடங்களில் மீறப்படுகிறது. காய்ச்சினாலும் மருந்தின் மிச்சம் பெரும்பாலும் அழியாது. அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமல் போகலாம், உறையின் பாக்டீரியாக்களை மருந்து தடுப்பதால். அதைக் குடிக்கும் குழந்தையின் குடலுக்கும் அந்த மருந்து போகிறது. கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகும் ஆபத்தும் சேர்ந்தே வளர்கிறது.

இந்தக் கவலையிலிருந்துதான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி, தஞ்சை வட்டாரத்தில் மூலிகை வைத்தியத்தைக் கையில் எடுத்தார். மாட்டு வாகடச் சுவடிகளிலும் கிராமத்து வைத்தியர்களின் கையிலும் 'ஒரு பிடி', 'கொட்டைப்பாக்களவு' என்று இருந்ததை, எடைபோட்டு எழுதக்கூடிய மருந்தாக்கியது அந்தப் பணி. என் கணக்கில் அதன் பெரிய சாதனை இந்த எடைபோடல்தான். அளவு எழுதப்பட்டால்தான் இன்னொருவர் செய்து பார்க்க முடியும், தவறென்றால் திருத்தவும் முடியும். பெங்களூருவின் டிரான்ஸ்-டிசிப்ளினரி பல்கலைக்கழகமும் இதில் இணைந்தது; தேசியப் பால்வள வாரியம் இந்த முறைகளைப் பல மாநிலங்களின் கறவைக்காரர்களிடம் கொண்டுசேர்த்தது.

அளவு இதுதான்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையை முள் நீக்கி, தோலோடு மற்ற இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டும். ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவி, இருக்கும் பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடி முழுவதும் தடவ வேண்டும். நாளுக்கு 8 முதல் 10 தடவை, 5 நாட்களுக்கு. விழுதை அன்றன்றைக்கே அரைக்க வேண்டும். சுண்ணாம்பின் காரம் குர்குமினைத் தண்ணீரில் கரைய வைக்கிறது. அதே காரத்தில் அது சீக்கிரம் சிதைந்தும் போகிறது. நேற்றைய விழுது உதவாது. நீற்றாத கற்சுண்ணாம்பைப் போட்டுவிடக் கூடாது, மடித்தோல் வெந்துவிடும்.

குர்குமினுக்கு வீக்கம் தணிக்கும் குணம் உண்டு என்பது ஆய்வகங்களில் பலமுறை பார்க்கப்பட்டது. கற்றாழைக் கூழிலுள்ள பல்சர்க்கரைகள் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலைக் குளிர்விக்கின்றன. ஒவ்வொரு முறையும் மடியைக் காலி செய்வதற்கும் இதில் பங்குண்டு என்று நினைக்கிறேன். தேங்கிய பாலோடு கிருமிகளும் அவற்றின் நச்சும் வெளியேறுகின்றன. காலையில் ஒரு தடவை பூசிவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கோமாரிக்கும் இப்படி ஒன்று உண்டு. சீரகம், வெந்தயம், மிளகை ஊறவைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம் சேர்த்து அரைத்து, தேங்காய்த் துருவலோடு கலந்து, புண்ணான வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிக் கொடுப்பார்கள். சீரகமும் மிளகும் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியிலும் மணக்கிற சரக்குகள்தான். வாய்ப்புண் ஆறி மாடு மறுபடி தீனி எடுக்க இது துணை செய்யும். ஆனால் கோமாரி வைரஸ் நோய். அதைத் தடுப்பது தடுப்பூசி. மாடுகளைத் தாக்கிய வெக்கை நோயை இந்த மண்ணிலிருந்தும், 2011-இல் உலகத்திலிருந்தும் ஒழித்ததும் தடுப்பூசிதான். இந்தக் கலவை இருக்கிறதென்று தடுப்பூசி முகாமுக்கு மாட்டை ஓட்டிப் போகாமல் இருப்பவரிடம் நான் சண்டையே போடுவேன்.

மடிநோயிலும் ஓர் எல்லை இருக்கிறது. மாடு தீனியை விட்டுவிட்டு, காய்ச்சலில் படுத்துவிட்டாலோ, மடித்தோல் நீலம் பாய்ந்து சில்லிட்டாலோ அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அந்த இடத்தில் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும்.

வீக்கம் தெரிந்த அன்றே பற்றைத் தொடங்குங்கள். நலமான மாடுகளை முதலில் கறந்து, நோய்ப்பட்டதைக் கடைசியில் கறந்துகொள்ளுங்கள். கெட்ட காம்பின் பாலைத் தொழுவத் தரையில் பீய்ச்சாமல் தனிப் பாத்திரத்தில் பிடித்து, தொழுவத்துக்குத் தள்ளிக் குழிதோண்டிக் கொட்டுங்கள்.