பராமரிக்காத லைஃப் ஜாக்கெட் யாரைக் காப்பாற்றும்?

2009 செப்டம்பர் 30 மாலை, தேக்கடி ஏரியில் மணக்கவலை அருகே கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து குமுளி வழியாகச் சுற்றுலா வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது, படகின் நிலைப்புத்தன்மை, ஏற்றிய ஆள் எண்ணிக்கை என்று காரணங்கள் பலவும் பேசப்பட்டன. நீதிபதி மைதீன் குஞ்ஞு தலைமையில் விசாரணை ஆணையமும் அமைந்தது. பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை என்பதும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. அதன்பின் தேக்கடியில் லைஃப் ஜாக்கெட் கட்டாயமானது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் ‘ஜாக்கெட் இருக்கிறதா?’ என்ற கேள்வியோடு நாம் நின்றுவிட்டோம். ‘அந்த ஜாக்கெட் இன்னும் மிதக்குமா?’ என்று படகுத்துறையில் யாரும் கேட்பதில்லை. லைஃப் ஜாக்கெட் நாள்பட நாள்படக் கெடும் பொருள். அதைப் பராமரிப்பதும், பராமரித்ததைப் பதிவுசெய்து காட்டுவதும் படகு நடத்துபவரின் கடமை. அந்தப் பதிவைக் கேட்டுப் பார்ப்பது கட்டணம் கொடுத்த பயணியின் உரிமை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் லைஃப் ஜாக்கெட் எப்படிக் காக்கிறது, எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். தண்ணீரில் விழுந்த வளர்ந்த ஆளின் வாயும் மூக்கும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கிலோ வரையிலான கூடுதல் மிதப்பு விசை போதும். கடல்நீரைவிட ஏரிநீர் அடர்த்தி குறைந்தது. எனவே கடலில் மிதப்பதைவிட ஏரியில் உடல் சற்று ஆழமாகவே அமிழும். குறைபடும் அந்த மிதப்பை ஒரு காலத்தில் இலவம்பஞ்சு தந்தது. போடிநாயக்கனூர்ப் பக்கம் மெத்தைக்கும் தலையணைக்கும் போகும் அதே பஞ்சுதான் உலகெங்கும் கப்பல் பயணிகளின் மிதவைச் சட்டைகளில் அடைக்கப்பட்டது. அந்த இழை உள்ளே குழல்போல் வெற்றாக இருக்கும். மேலே மெழுகுபோன்ற பூச்சு உண்டு. எனவே எளிதில் நனையாது. ஆனால் உறை கிழிந்து பஞ்சு நசுங்கிவிட்டால் நீர் புகுந்துவிடும். அந்தப் பலவீனம் காரணமாகவே, உள்ளே மூடிய காற்றறைகள் கொண்ட ஃபோம் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. ஃபோமும் சாகாவரம் பெற்றதல்ல. ஜாக்கெட்டை இருக்கையாக்கி அதன்மேல் உட்கார்ந்தால், மூட்டையாக அடுக்கி மேலே பாரம் ஏற்றினால், காற்றறைகள் நசுங்கி ஃபோம் மெலிந்துபோகும். மெலிந்த அளவுக்கு மிதப்பும் குறையும்.

ஃபோமைவிட முன்னதாகக் கெடுபவை துணியும் தையலும் வாரும்தான். கோடை வெயிலில் மாதக்கணக்கில் கிடக்கும் நைலான் துணி முதலில் நிறம் வெளுக்கும், பிறகு வலு இழக்கும். பார்வைக்கு முழுதாகத் தெரியும் வார், ஆளின் எடையோடு இழுபடும்போது தையலோடு பிய்த்துக்கொண்டு வரும். மழைக்காலத்தில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. ஜூன் முதல் இடுக்கி மலைகளில் எதுவும் சரியாகக் காயாது. ஈரத்தோடு குவித்துவைத்த ஜாக்கெட்டில் பூசணம் பூக்கும், நாற்றம் ஏறும், பருத்தி நூலால் தைத்த இடங்கள் இற்றுப்போகும், குவியலுக்குள் எலியும் குடியேறும். என்ஜின் அறையில் வைத்தால் டீசலும் மசகெண்ணெயும் பட்டு ஃபோமும் துணியும் கெடும். இவற்றில் பல வெளியே தெரியாத சேதங்கள். வெளுத்தாலும் ஆரஞ்சு நிறம் தெரிவதால் பயணி நம்பி அணிந்துகொள்கிறார்.

குளிர்நாடுகளில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டுபவர்களின் வழக்கத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். உடலை நீர் தொடாதபடி மூடும் டிரைசூட் என்ற உடையை அவர்கள் அணிகிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அதை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள ரப்பர் பட்டைகளில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பார்த்து, ஜிப்புக்கு மெழுகு பூசி மாட்டிவைக்கிறார்கள். இந்தக் கவனத்துக்குக் காரணம் எளியது: அணிபவரே அதன் சொந்தக்காரர், பட்டை கிழிந்தால் குளிரில் விறைக்கப்போவது அவர் உடல். பரம்பிக்குளம், மலம்புழா, மாட்டுப்பட்டி நீர்த்தேக்கங்களில் டிரைசூட்டுக்குத் தேவையில்லை. ஆனால் அந்தப் பழக்கம் தேவை. இங்கே ஜாக்கெட்டின் சொந்தக்காரர் ஒருவர், அணிபவர் இன்னொருவர். அணிபவரின் கையில் அது ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இருக்கும். நேற்று அதை யார் அணிந்தார், எங்கே காய்ந்தது, எத்தனை ஆண்டு ஆனது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சொந்தக்காரருக்குத் தன் உயிர்மேல் உள்ள அக்கறை செய்யும் வேலையை, வாடகைப் பொருளில் பதிவேடும் சட்டமும்தான் செய்தாக வேண்டும்.

அப்படிப் பராமரிப்பதில் கடினமான வேலை எதுவும் இல்லை. அழுக்கான ஜாக்கெட்டை மென்மையான சோப்பு நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, அகலமான தோள் கொண்ட தாங்கியில் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் தொங்கவிட வேண்டும். அடுப்பு, ஹீட்டர், என்ஜின் சூட்டில் உலர்த்தக் கூடாது. பெட்ரோலோ ப்ளீச்சிங் தூளோ போட்டுத் துடைக்கக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை கையால் சோதிக்கலாம்: ஃபோமை அழுத்தி விட்டால் மீண்டு வருகிறதா, வார்களை இரு கையாலும் பலமாக இழுத்தால் தையல் பிரிகிறதா, கொக்கிகள் ‘டக்’கென்று பூட்டுகின்றனவா, விசில் ஊதுகிறதா. கப்பல்களுக்கான சர்வதேச விதிகளில், ஜாக்கெட்டை 24 மணி நேரம் நன்னீரில் அமிழ்த்தி வைத்தாலும் அதன் மிதப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்ற அளவுகோல் உண்டு. இது ஆய்வகச் சோதனைதான். ஆனாலும் ஜாக்கெட்டைக் கல்லைக் கட்டி ஒரு நாள் நீரில் அமிழ்த்தி, மறுநாள் அது முன்போலவே மிதக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையை எந்தப் படகுத்துறையும் ஆண்டுக்கு ஒருமுறை செய்யலாம். தேறாததை மூலையில் போட்டுவைத்தால் கூட்டம் கூடும் ஞாயிற்றுக்கிழமை அது மறுபடி வெளியே வந்துவிடும். அதைக் கத்தரியால் வெட்டிப்போட வேண்டும்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வருகிறது? 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்து, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, தகுதி ஆய்வு, உயிர்காப்புச் சாதனங்கள் ஆகியவற்றை அது கட்டாயமாக்குகிறது. துடுப்புப் படகு, தெப்பம் போன்ற இயந்திரமில்லாத கலங்களுக்கும் தனிப் பகுதி வைத்திருக்கிறது. கேரளத்தில் இந்தப் பதிவையும் ஆய்வையும் கவனிப்பது கேரள கடல்சார் வாரியம். குறை எங்கே இருக்கிறதென்றால், ஆய்வு என்றோ ஒரு நாள் நடக்கிறது, ஜாக்கெட் தினமும் தேய்கிறது. ஆய்வு நாளில் எண்ணிக்கை சரியாக இருந்தால் சான்றிதழ் கிடைத்துவிடும். அதற்குப் பிந்தைய வெயிலுக்கும் மழைக்கும் கணக்கு கேட்பவர் இல்லை. விதிகள் இருந்தும் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் மீன்பிடிப் படகை மாற்றியமைத்த சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வடோதராவில் ஹர்ணி ஏரியில் 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் மூழ்கினார்கள். பிள்ளைகளில் பலருக்கு ஜாக்கெட் தரப்படவில்லை.

இதற்கு எழும் மறுப்புகளில் நியாயமானவையும் உண்டு. மேல்தளமும் கூரையும் கொண்ட படகு கவிழ்ந்தால், ஜாக்கெட் அணிந்தவர் கூரையோடு ஒட்டி மிதந்து வெளியேற முடியாமல் தவிக்கலாம் என்கிறார்கள். உண்மைதான். எனவே அதிக ஆள் ஏற்றாமலும் பயணிகள் ஒரு பக்கம் சாயாமலும் படகு கவிழாதபடி பார்த்துக்கொள்வதே முதல் பாதுகாப்பு. ஜாக்கெட் அதற்கு அடுத்தது. அதைக் காட்டி முதலாவதைக் கைவிட முடியாது. ஆனால் திறந்த தளத்திலிருந்து நீரில் விழுபவருக்கும், வெளியே நீந்தி வந்து மீட்புப் படகுக்காகக் காத்திருப்பவருக்கும் அதுவே கடைசித் துணை. ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்பது அடுத்த மறுப்பு. ஆனால் முல்லைப்பெரியாறு அணை 1895-இல் எழுந்தபோது மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் இன்றும் தேக்கடி ஏரிக்குள் நிற்கின்றன. அந்த நீரில் சட்டையும் செருப்பும் அணிந்து, அதிர்ச்சியில், பிறர் பிடித்து இழுக்கும் நிலையில் குளத்தில் பழகிய நீச்சல் உதவும் என்று சொல்ல முடியாது. ‘பயணிகளே அணிய மறுக்கிறார்கள்’ என்று படகுக்காரர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நாறும், ஈரமான, கொக்கி உடைந்த ஜாக்கெட்டை யார்தான் விரும்பி அணிவார்? கழுவி உலர்த்தியதைக் கொடுத்தால் அந்த மறுப்பில் பாதி அங்கேயே தீரும். செலவு கட்டாது என்பது கடைசி மறுப்பு. சோப்பு, தண்ணீர், நிழல், ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் ஆளின் அரை மணி நேரம்: செலவு இவ்வளவே. பழையதை எறிந்து புதியது வாங்கப் பணம் வேண்டும்தான். அதைக் கட்டணத்தில் சேர்த்து வாங்குவது நேர்மையான வழி. சேர்க்காமல் விட்டால் அந்தச் செலவைப் பயணி உயிரால் கொடுக்க நேரும்.

பயணி தன் பங்குக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும். உள்பக்கம் தைத்த சீட்டில் எடை அளவும் தயாரிப்பு ஆண்டும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அணிந்து எல்லா வாரையும் இறுக்கியபின் தோள்பகுதியைப் பிடித்து யாராவது மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டவே கூடாது. நீரில் விழுந்த கணமே குழந்தை கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். குழந்தையின் எடைக்கு ஏற்றதும் கால்களுக்கு இடையே வார் உள்ளதும் இல்லையென்றால் படகில் ஏறாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

மறுத்தால் என்ன செய்யலாம்? டிக்கெட்டைப் பத்திரப்படுத்தி, ஜாக்கெட்டையும் படகின் பெயர், பதிவு எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் செலுத்திய பயணி 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர். நடத்துவது அரசுக் கழகமானாலும் சேவைக் குறைபாட்டுக்கு வழக்குத் தொடுக்கலாம். அதற்காகக் கேரளத்துக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் தேனியிலோ கோவையிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாதுகாப்பற்ற கலத்திலோ அதிகச் சுமையிலோ கூலிக்கு ஆள் ஏற்றி உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 284-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். உடனடி ஆபத்தென்றால் 112-ஐ அழையுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொரு கருவி தகவல் உரிமைச் சட்டம். ஜாக்கெட்டுகள் எப்போது வாங்கப்பட்டன, எத்தனை கழிக்கப்பட்டன, கடைசி ஆய்வு எப்போது என்று 10 ரூபாய்க் கட்டணத்தில், படகு நடத்தும் அரசுக் கழகத்திடமும் வனத்துறையிடமும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் கேரளத்தின் மொழிச் சட்டம் வழி செய்கிறது. தேவிகுளத்திலும் பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூரிலும் வாழும் தமிழர்கள் மொழி தெரியாதென்று இந்தக் கேள்விகளைக் கைவிட வேண்டியதில்லை.

நல்ல ஜாக்கெட்டுக்கான உரிமை பயணியோடு முடிவதும் இல்லை. சுற்றுலாப் பயணி ஒரு நாள் வந்து போவார்; படகு ஓட்டுநரும், தேக்கடியில் மூங்கில் தெப்பம் செலுத்தும் உள்ளூர் வழிகாட்டிகளும் தினமும் அந்த நீரில்தான் இருக்கிறார்கள். நல்ல ஜாக்கெட்டைப் பயணிக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தொழிலாளி மாட்டிக்கொள்ளும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதுவும் உரிமை மீறலே. கேரள அரசும் வனத்துறையும் நாளையே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு: ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் எண் இட்டு, வாங்கிய தேதி, கழுவிய தேதி, சோதித்த தேதி, சோதித்தவர் கையொப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேட்டை மலையாளத்திலும் தமிழிலும் டிக்கெட் கவுண்டரில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பது. அப்படி ஓர் ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். டிக்கெட் வாங்கும் ஒவ்வொருவரும் ‘இதைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?’ என்று கேட்கத் தொடங்கினால், பதில் சொல்வதற்காகவாவது சோதிக்கும் பழக்கம் வரும்.