ரீஸ்டோர் போல்டரில் வைரஸா? பார்மட் செய்ய அவசரப்படாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை மிகவும் பயமுறுத்தும் செய்தி ஒன்று உண்டு. ஆன்டி வைரஸ் புரோகிராம் ஸ்கேன் செய்து முடித்தவுடன் ஒரு வைரஸ் இருப்பதாகச் சொல்லும். அழிக்கச் சொன்னால் முடியவில்லை என்று பதில் தரும். மறுநாள் மீண்டும் அதே செய்தி. பைல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் "சிஸ்டம் வால்யூம் இன்பர்மேஷன்" என்ற பெயர் தெரியும். அந்த போல்டரைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று விண்டோஸ் தடுக்கும். நம் கம்ப்யூட்டரில் நம்மையே உள்ளே விடாத போல்டர், அதற்குள் வைரஸ். பயம் வராமல் என்ன செய்யும்?

நான் சாப்ட்வேர் துறையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் பழையசீவரம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் யாராவது ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்லி அழைப்பார்கள். இந்த ரீஸ்டோர் போல்டர் பிரச்னையை அப்படிப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதற்குப் பலரும் சொல்லும் ஒரே தீர்வு "பார்மட் செய்துவிடலாம்" என்பதுதான். பெரும்பாலான நேரங்களில் அது தேவையே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

அந்த போல்டரில் என்ன இருக்கிறது?

விண்டோஸில் சிஸ்டம் ரீஸ்டோர் என்று ஒரு வசதி உள்ளது. 2000-ம் ஆண்டு வெளியான விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில் இது அறிமுகமானது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி மூலம் வீடுகளுக்கெல்லாம் பரவியது. புதிய சாப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்த பிறகு கம்ப்யூட்டர் தகராறு செய்கிறதா? நேற்றைய நிலைக்குத் திரும்பிச் செல்லலாம். அப்படித் திரும்புவதற்காக விண்டோஸ் குறித்து வைக்கும் நிலைகளுக்கு ரீஸ்டோர் பாயின்ட் என்று பெயர். அவை சேமிக்கப்படும் இடம்தான் சிஸ்டம் வால்யூம் இன்பர்மேஷன் போல்டர். தெரியாமல் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக அது மறைத்து, பூட்டி வைக்கப்பட்டுள்ளது.

எக்ஸ்பியில் இது வேலை செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு புரோகிராம் பைல் மாற்றப்படும்போதோ, அழிக்கப்படும்போதோ எக்ஸ்பி அதன் பழைய பிரதியை எடுத்து, பெயரை மாற்றி, அந்த போல்டரில் வைத்துக்கொள்ளும். அந்த பைல் நல்லதா, வைரஸா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் வைரஸை அழிப்பீர்கள். "நாளை தேவைப்படுமோ" என்று எண்ணி எக்ஸ்பி அதையும் ஒரு பிரதி எடுத்து வைக்கும்! 'ஏ' எழுத்தும் அதன் பின்னே எண்களுமாகப் பெயர் கொண்ட பைல்களில் வைரஸ் இருப்பதாக அந்நாளில் ஸ்கேன் காட்டியதற்குக் காரணம் இதுதான்.

விஸ்டா முதல் இன்றைய விண்டோஸ் 11 வரை முறை வேறு. இவற்றில் தனித்தனி பைல்களாக அல்லாமல், டிரைவின் நிலையே நிழல் பிரதியாகக் குறித்து வைக்கப்படுகிறது. ஆனால் விளைவு ஒன்றுதான். அந்தப் பிரதி எடுத்த நாளில் வைரஸ் இருந்திருந்தால் பிரதியிலும் இருக்கும். இப்படிப்பட்ட எச்சரிக்கைகளில் "ஹார்ட்டிஸ்க் வால்யூம் ஷேடோ காப்பி" என்ற சொற்களும் ஓர் எண்ணும் சேர்ந்து வரும். இந்தப் பிரதிகள் படிக்க மட்டுமே கூடியவை. அதனால்தான் ஆன்டி வைரஸ் அழிக்க முடியாமல் கையை விரிக்கிறது.

தூங்கும் வைரஸ்

இனி முக்கியமான செய்தி. அந்த போல்டரில் இருக்கும் வைரஸ் இயங்குவதில்லை. விதை நெல் மூட்டையில் களை விதையும் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூட்டை பரணில் இருக்கும் வரை வயலுக்கு ஒன்றும் ஆகாது. எடுத்து விதைத்தால்தான் களை முளைக்கும். அதைப் போல, நீங்கள் அந்தப் பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுக்குத் திரும்பிச் சென்றால்தான் வைரஸ் மீண்டும் எழும். அதுவரை தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

எனவே எச்சரிக்கை வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது, வைரஸ் எந்த இடத்தில் உள்ளது என்பதை. மேலே சொன்ன பெயர்கள் மட்டுமே இருந்தால் அவசரம் இல்லை. விண்டோஸ் போல்டர், டவுன்லோட்ஸ், டெம்ப் போன்ற வேறு இடங்களும் சேர்ந்து வந்தால் வைரஸ் விழித்துக்கொண்டிருக்கலாம் என்று பொருள். அப்போது இன்டர்நெட் வங்கிச் சேவை, பாஸ்வேர்ட் தருவது போன்றவற்றை அந்தக் கம்ப்யூட்டரில் உடனே நிறுத்திவிடுங்கள்.

2019-ல் எங்கள் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா என்னை அழைத்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். "தம்பி, எத்தனை தடவை அழிச்சாலும் திரும்பத் திரும்ப வருது. டவுன்ல காட்டினேன், பார்மட் பண்ணினாத்தான் போகுமாம். எங்க அப்பா படமெல்லாம் இதுலதான் இருக்கு. எல்லாம் போயிடுமே?" என்றார். காலமான அப்பாவின் படங்கள், மகளின் பிறந்த நாள் படங்கள், கடைக் கணக்கு எல்லாமே அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில். வேறு பிரதி கிடையாது. எச்சரிக்கையைப் பார்த்தேன். வைரஸ் இருந்தது நிழல் பிரதியில் மட்டும்தான். விண்டோஸ் சுத்தமாக இருந்தது. படங்களை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, பழைய ரீஸ்டோர் பாயின்ட்களை நீக்கினோம். அதன் பிறகு எச்சரிக்கை வரவில்லை. பார்மட் செய்திருந்தால் இல்லாத நோய்க்கு அறுவை சிகிச்சை செய்தது போல் ஆகியிருக்கும்.

வரிசை முக்கியம்

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களைத் தானாகவே ரீஸ்டார்ட் ஆக வைத்து உலகெங்கும் ஆட்டிப் படைத்தது. அப்போது ஆன்டி வைரஸ் நிறுவனங்கள் தந்த குறிப்புகளில், "முதலில் சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்துங்கள், பிறகு ஸ்கேன் செய்யுங்கள்" என்ற வரியைப் பார்க்கலாம். அந்தப் பழக்கம் இன்றும் பலரிடம் உள்ளது. நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்.

காரணம் எளியது. சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்தினால் எல்லா ரீஸ்டோர் பாயின்ட்களும் போய்விடும். அதன் பிறகு வைரஸை நீக்கும்போது முக்கியமான சிஸ்டம் பைல் ஒன்றும் சேர்ந்து போய்விட்டால், விண்டோஸ் திறக்காமல் நின்றுவிடலாம். திரும்பிச் செல்ல வழி இருக்காது. வைரஸ் கலந்த ரீஸ்டோர் பாயின்ட்டாக இருந்தாலும், ஒன்றுமே இல்லாததைவிட மேல். கம்ப்யூட்டரைத் திறக்க வைத்துவிட்டுப் பிறகு மீண்டும் சுத்தம் செய்துகொள்ளலாம். எனவே இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

1. முதலில் உங்கள் போட்டோக்கள், டாகுமெண்ட்கள், கணக்குகளை வெளி ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவில் பிரதி எடுங்கள். புரோகிராம் பைல்களையும், செட்டப் பைல்களையும் எடுக்க வேண்டாம். வைரஸ் தொற்றிக்கொள்வது பெரும்பாலும் அவற்றில்தான். முடிந்தவுடன் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

2. ஆன்டி வைரஸ் புரோகிராமை அப்டேட் செய்யுங்கள். பின்னர் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு முழு ஸ்கேன் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11-ல் டிபெண்டர் கூடவே வருகிறது. விண்டோஸ் செக்யூரிட்டி என்பதைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் சென்று புல் ஸ்கேன் தேர்வு செய்யலாம்.

3. அங்கேயே ஆப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கும். திறந்திருக்கும் வேலைகளை சேவ் செய்துவிட்டு அதையும் இயக்குங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாகத் திறக்கும் முன்பே சோதனை நடக்கும். விண்டோஸ் இயங்கும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் இதில் சிக்கும். ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும்.

4. ஓரிரு நாள் வழக்கம்போல் பயன்படுத்திப் பாருங்கள். மீண்டும் முழு ஸ்கேன் செய்யுங்கள். இப்போது ரீஸ்டோர் போல்டரில் மட்டும் வைரஸ் காட்டினால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

5. ஸ்டார்ட் அருகே உள்ள சர்ச் பாக்ஸில் ரீஸ்டோர் பாயின்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கும் வரி கிடைக்கும். அதில் கிளிக் செய்தால் சிஸ்டம் புரொடக்‌ஷன் டேப் திறக்கும். சி டிரைவைத் தேர்வு செய்து கான்பிகர் பட்டனை அழுத்துங்கள். கீழே டிலீட் பட்டன் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் அந்த டிரைவின் எல்லா ரீஸ்டோர் பாயின்ட்களும் நீக்கப்படும். உங்கள் படங்களுக்கோ, டாகுமெண்ட்களுக்கோ ஒன்றும் ஆகாது. டிஸ்க் கிளீனப் மூலமும் பழைய பாயின்ட்களை நீக்கலாம். ஆனால் அது கடைசி ஒன்றை விட்டுவிடும். வைரஸ் அதில்கூட இருக்கலாம் என்பதால் இங்கே அது போதாது.

6. அதே விண்டோவில் புரொடக்‌ஷன் ஆன் நிலையில் உள்ளதா என்று பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் இது ஆப் நிலையில்தான் இருக்கும். ஆன் செய்துவிட்டு, கிரியேட் பட்டனை அழுத்தி புதிய ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்குங்கள். சுத்தம் செய்த தேதியையே பெயராகக் கொடுத்தால் பின்னால் குழப்பம் இருக்காது.

7. வீட்டில் உள்ள பென் டிரைவ், மெமரி கார்டு அனைத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் இன்னும் வைத்திருப்பவர்கள் மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து, புராபர்ட்டீஸ் சென்று, சிஸ்டம் ரீஸ்டோர் டேபில் அதை நிறுத்தும் கட்டத்தில் டிக் செய்து அப்ளை கொடுத்தால் பழையவை நீங்கும். பிறகு டிக்கை எடுத்துவிட வேண்டும். ஆனால் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாப்ட் தன் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கவும்.

பென் டிரைவில் அதே போல்டர்

பென் டிரைவில் சிஸ்டம் வால்யூம் இன்பர்மேஷன் போல்டரைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று பயப்படுபவர்கள் உண்டு. விண்டோஸ் 8 முதல், பென் டிரைவை இணைத்தால் விண்டோஸே இந்த போல்டரைச் சிறிய பைல்களுடன் உருவாக்கிவிடும். அது வைரஸ் அல்ல. பென் டிரைவில் உள்ள போல்டர்கள் எல்லாம் திடீரென்று ஷார்ட்கட்களாக மாறியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அவற்றில் டபுள் கிளிக் செய்யாதீர்கள்.

மத்திய அரசின் செர்ட் இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையத்தைத் தொடங்கியது. வைரஸ் நீக்கும் கருவிகளும், பென் டிரைவ்களைக் கட்டுப்படுத்தும் யுஎஸ்பி பிரதிரோத் என்ற சாப்ட்வேரும் இதன் மூலம் இலவசமாக வழங்கப்பட்டன.

பார்மட் எப்போது தேவை?

சில வேளைகளில் தேவைதான். சாலிட்டி, விருட் போன்ற வைரஸ்கள் கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம் பைல்கள் ஒவ்வொன்றிலும் புகுந்துகொள்ளும். சுத்தம் செய்தாலும் பல பைல்கள் கெட்டுப்போய்விடும். ஆப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் வைரஸ் புதிது புதிதாக விண்டோஸ் போல்டரில் முளைத்தால் விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்வதே நல்லது. அப்போதும் முதல் படி மாறாது. சொந்த பைல்களைப் பிரதி எடுத்த பிறகுதான் பார்மட். மெக்கானிக்கிடம் தரும் முன் நீங்களே எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்ட்களை வேறொரு சுத்தமான கருவியில் மாற்றிவிடுங்கள்.

ரீஸ்டோர் வேறு, பேக்கப் வேறு

பலர் சிஸ்டம் ரீஸ்டோர் ஆன் நிலையில் இருந்தால் தங்கள் படங்களும் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். அது விண்டோஸையும் புரோகிராம்களையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வசதி. உங்கள் படங்களைக் காப்பது அதன் வேலை அல்ல.

2017 மே 12-ல் பரவத் தொடங்கிய வான்னாக்ரை வைரஸ் இதை உலகத்துக்கே காட்டியது. பைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. எங்கள் ஊரிலிருந்து வாலாஜாபாத் வழியாகச் சென்றால் வரும் ஒரகடத்தில், ரெனோ நிஸ்ஸான் கார் தொழிற்சாலையிலும் அதன் பாதிப்பு இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. அந்த வைரஸ் செய்த வேலைகளில் ஒன்று, விண்டோஸ் வைத்திருந்த நிழல் பிரதிகளை அழிப்பது. திரும்பிச் செல்லும் வழியை முதலிலேயே அடைத்துவிட வேண்டும் என்பது வைரஸ் எழுதுபவர்களுக்கும் தெரியும். அதைத் தடுக்கும் விண்டோஸ் அப்டேட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதைப் போட்டவர்கள் தப்பினார்கள்.

எனவே அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை, சம்பள நாள் போல ஒரு நாளை நினைவில் வைத்துக்கொண்டு, முக்கியமான பைல்களை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டரில் இணைக்கப்படாத டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது. விண்டோஸைக் கடையில் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் படங்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது.